மூடி வைத்த பின்னும் பேசும் நூல்கள்



நம் பங்குத் திருவிழாக்களில் செபமாலை, சுரூபம், மெழுகுதிரி விற்கும் கடைகளில் கூட்டம் நிற்பதைக் காண்கிறோம். பக்கத்திலேயே நூல்கள் பரப்பிய ஒரு சிறு மேசையும் இருக்கும். அதில் செபப் புத்தகமும் நவநாள் புத்தகமும் விற்றுப்போகும். மற்ற நூல்கள் பெரும்பாலும் கட்டிக்கொண்டு வந்தபடியே திரும்பிப் போகும். சோமனூரில் தறி ஓட்டுகிறவருக்கும், திருப்பூரில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறவருக்கும் வாசிக்க நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நேரமின்மை மட்டும் காரணமன்று. "கதைப் புத்தகம் பக்தியைக் கெடுத்துவிடும்" என்ற அச்சமும் நம்மில் பலருக்கு உண்டு. நம் விசுவாசத்தை வளர்க்கும் நூல் எது? அதை எப்படி இனங்காண்பது? இவை குறித்துச் சற்றுச் சிந்திப்போம்.

இஞ்ஞாசியாரும் இரண்டு நூல்களும்

1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு ஒன்று இஞ்ஞாசியாரின் காலை முறித்தது. லொயோலாவில் தம் குடும்ப இல்லத்தில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த அவர், பொழுது போக வீரதீரக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை இரண்டு நூல்கள். ஒன்று, சாக்சனி நாட்டு லுதோல்ப் என்ற துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை. மற்றொன்று, புனிதர் வரலாறுகளின் தொகுப்பு. வேறு வழியின்றி அவற்றையே படித்தார்.

அப்போது தம் உள்ளத்தில் நிகழ்ந்த ஒன்றை அவர் கவனித்தார். உயர்குலப் பெண்ணொருத்திக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களைக் கற்பனை செய்தபோது இன்பமாக இருந்தது. கற்பனை கலைந்ததும் வறட்சியும் சலிப்புமே எஞ்சின. புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேம் செல்வதை நினைத்தபோதும் இன்பமாக இருந்தது; ஆனால் அந்த நினைவு அகன்ற பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் தேர்ந்து தெளிதல் என்னும் பெரும் ஆன்மிகக் கொடை திருச்சபைக்குக் கிடைத்தது. நூல்களைத் தேர்வு செய்ய நமக்கும் இதுவே அளவுகோல். படிக்கும்போது எப்படி இருந்தது என்பதைவிட, மூடி வைத்த பின் உள்ளத்தில் என்ன தங்கியது என்பதே முக்கியம்.

இஞ்ஞாசியார் படித்த வகையைச் சேர்ந்த நூல் 65 ஆண்டுகளில் தமிழுக்கே வந்துவிட்டது என்பது நமக்குப் பெருமை. அவர் தொடங்கிய இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பின்னர் 1586-இல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய நூலையும் அச்சிட்டார். தமிழ் அச்சுக் கலையின் தொடக்கத்திலேயே புனிதர்களின் வரலாறு இடம்பெற்றது. வாசிப்பு நம் மரபுக்குப் புதியதன்று!

கதை பொய்தானே?

இப்படிக் கேட்பவர்களுக்கு 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் பதில் சொல்கிறது. உரியாவின் மனைவியை அபகரித்து, உரியாவையும் கொல்லச் செய்த தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழையிடம் செல்லமாக வளர்ந்த ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் ஒருவன் பறித்துக்கொண்ட கதையைச் சொல்கிறார். கதையில் வரும் செல்வந்தன்மீது கொதித்தெழுந்த தாவீது, அவன் தானே என்று அறிந்ததும் உடைந்துபோகிறார். அறிவுரைக்கு அடைத்த கதவு கதைக்குத் திறக்கிறது. நம் ஆண்டவரும் நல்ல சமாரியரையும் ஊதாரி மகனையும் கதையாகத்தான் சொன்னார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 தேதியிட்டு, இலக்கியம் மனிதரை உருவாக்குவதில் வகிக்கும் பங்கு குறித்து ஒரு மடல் எழுதினார். குருமாணவர்களுக்காகத் தொடங்கிய மடலை, எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும் என்று விரித்தார். இளம் வயதில் அர்ஜென்டினாவில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவர் அவர். பிறர் உள்ளத்தின் குரலைக் கேட்கும் பயிற்சியை இலக்கியம் தருகிறது என்பது அவர் கருத்து.

நாம் பரிந்துரைக்கும் சில நூல்கள்

பிள்ளைகளுக்கு: வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் அவர்களுக்கேற்ற குருவும் செய்யும் கூத்துகள் இன்றும் சிரிக்க வைக்கின்றன. தலைவன் அறிவிலியானால் பின்செல்வோர் கதி என்ன என்பதைச் சிரிப்புக்கு நடுவே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

பெற்றோருக்கு: அதே முனிவரின் 'தேம்பாவணி'. நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத புனித சூசையப்பரைத் தலைவராக்கி, 1726-இல் 36 படலங்களில் 3615 பாடல்களாகப் பாடினார். நேரடியாகப் படிப்பது கடினம். உரையோடு ஒரு படலத்தை எடுத்துக்கொண்டாலே போதும். உழைத்துச் சாப்பிடும் குடும்பத்தின் தலைவர் ஒரு பெருங்காப்பியத்தின் நாயகராக நிற்பதைக் காணலாம்.

குடும்பமாக வாசிக்க: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879). தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? முன்சீப்பாகப் பணியாற்றிய அவர் தேவமாதாவின்மீது அந்தாதி பாடியவர். ஆனால் நாவலில் மறையுரை ஆற்றவில்லை. ஆண் வேடத்தில் நாடாளும் ஞானாம்பாள் வழியாக நேர்மையையும் நீதியையும் பெண்ணின் அறிவையும் காட்டினார். கிறிஸ்துவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வராமலேயே ஒரு கதை நற்செய்தியின் மதிப்பீடுகளைச் சுமக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கவிதை விரும்புவோருக்கு: கவிஞர் கண்ணதாசன் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் எழுதிய 'இயேசு காவியம்'. 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதிய கையே இயேசுவையும் பாடியது. பிற சமய நண்பர்களுக்குப் பரிசளிக்க ஏற்ற நூல். சீர்திருத்தச் சபைச் சகோதரரான எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) என்ற காவியத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தேடலில் இருக்கும் இளையோருக்கு: புனித அகுஸ்தீனாரின் தன்வரலாறும், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தன்வரலாறும். இரண்டும் தமிழில் உண்டு. ஆங்கிலம் வாசிக்கும் கல்லூரி மாணவர்கள் கிரகாம் கிரீன் 1940-இல் எழுதிய 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவலையும் படிக்கலாம். மெக்சிகோவில் திருச்சபை வேட்டையாடப்பட்ட காலத்தில், குடிப்பழக்கமும் பாவமும் சூழ்ந்த ஒரு குரு, பிடிபடுவோம் என்று அறிந்தும் சாகக் கிடக்கும் ஒருவனுக்காகத் திரும்பிச் செல்கிறார். அருள், தகுதி பார்த்து வருவதில்லை என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

சுடும் நூல்களும் வேண்டும்

இங்கே ஓர் எச்சரிக்கை. "மூடி வைத்த பின் என்ன தங்குகிறது?" என்ற அளவுகோலை, "எது இதமாக இருக்கிறது?" என்று சுருக்கிவிடக் கூடாது. தம் பாவத்தை எண்ணிச் சிந்தும் கண்ணீரையும் இஞ்ஞாசியார் ஆறுதல் என்றே கணக்கிட்டார். நாத்தானின் கதை தாவீதை மகிழ்விக்கவில்லை, அழவைத்தது. ஆனால் அந்த அழுகைதான் அவரைக் கடவுளிடம் திருப்பியது.

அத்தகைய நூல் ஒன்று 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏழைகளுக்குப் பணியாற்றும் ஆவலோடு துறவற சபையில் சேர்ந்து, பின்னர் வெளியேறிய ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பதிவு அது. ஊரிலும் பள்ளியிலும் மடத்திலும் சாதி எப்படிக் காயப்படுத்தியது என்று பேச்சுத் தமிழிலேயே சொல்கிறது. படிக்கும்போது நமக்குக் கோபம் வரலாம். "சபையைக் குறை சொல்கிறாரே" என்று தோன்றலாம். ஆயினும் மூடி வைத்த பின் அது கேட்கும் கேள்வி நம்மை விடாது. நம் பங்கில் தேர்ப்பவனியிலும், அன்பியக் கூட்டத்திலும், கல்லறைத் தோட்டத்திலும் நாம் உண்மையாகவே ஒரே உடலாக இருக்கிறோமா? திருப்பலியில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் இக்கேள்வியை விலக்கிவிட முடியாது. தவக்கால ஆன்ம ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான நூல்கள் குறைவு.

செய்யக்கூடியவை

1. மாலைச் செபம் முடிந்ததும் தொலைக்காட்சிக்கு முன், வீட்டில் ஒருவர் இரண்டு பக்கம் உரக்க வாசிக்கட்டும். மறுநாள் வேறொருவர் தொடரட்டும்.

2. அன்பியக் கூட்டத்தில் மாதம் ஒரு நூலை ஒருவர் ஐந்து நிமிடம் அறிமுகப்படுத்தலாம்.

3. முதல் நற்கருணை, உறுதிபூசுதல், திருமணம் ஆகிய நாள்களில் பரிசுப் பொருளோடு ஒரு நூலும் கொடுப்போம்.

4. ஈரோட்டில் 2005-இல் தொடங்கிய புத்தகத் திருவிழா போன்றவற்றிற்கு மறைக்கல்வி மாணவர்களைக் கூட்டிச் செல்வோம். ஆளுக்கொரு நூலை அவர்களே தெரிவு செய்யட்டும்.

5. எந்த நூலையும் முடித்தபின் ஒரு நிமிடம் அமைதியாக இருந்து, "ஆண்டவரே, இதன் வழியாக என்னிடம் என்ன சொல்கிறீர்?" என்று கேட்போம்.

அன்பார்ந்தவர்களே, லொயோலா இல்லத்து அலமாரியில் யாரோ வைத்திருந்த இரண்டு நூல்கள் ஒரு போர்வீரரைப் புனிதராக்கின. நம் வீட்டிலும் யாராவது ஒருவர் நோயிலோ, தோல்வியிலோ, தூக்கம் வராத இரவிலோ ஒரு நாள் கை நீட்டுவார். அப்போது அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நல்ல நூல் இருக்கிறதா? இல்லையென்றால், இந்த மாதமே ஒன்றை வாங்கி வைப்போம். தூய ஆவியார் அதைப் பயன்படுத்திக்கொள்வார்.