பனி மூடிய தெருவும் வெட்டுக்கல் மதிலும்



திருப்பூணித்துறையில் ஸ்ரீ பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிக உத்ஸவம் முடிந்த மறுநாள், அதனைச் சூழ்ந்த தெருக்களைக் கண்டிருக்கிறீர்களா? எட்டு நாட்கள் யானைகளும் செண்டை மேளமும் ஜனத்திரளும் நிறைந்திருந்த இடத்தில் ஓரிருவரே நடந்து செல்வர். வெட்டுக்கல் மதிலின்மீது காலை வெயில் சாய்ந்திருக்கும். பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை என்று நாமும் கடந்து போய்விடுவோம். அவ்வாறு ஒன்றும் நிகழாத தெருக்களையும் ஆற்றங்கரைகளையுமே வாழ்நாளெல்லாம் தீட்டிய ஓவியர் ஒருவரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆல்ஃபிரெட் சிஸ்லே. 1878-இல் அவர் தீட்டிய ‘லூவ்சியென் கிராமத்தில் பனி’ என்னும் தைல வர்ணச் சித்திரம் பாரிஸ் நகரத்து ஓர்ஸே காட்சிசாலையில் உள்ளது. இருபுறமும் சுவர், இடையே பனி மூடிய ஒரு சிறு தெரு, அதன் நடுவே கருநிறப் புள்ளிபோல் ஓர் உருவம். அவ்வளவே சித்திரம்.

தைல வர்ணச் சித்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ராஜா ரவிவர்மா. புராணக் காட்சிகள், பட்டுப் புடைவையின் பளபளப்பு, தூரிகையின் சுவடே தெரியாத வழவழப்பு ஆகியவை அவருடைய சிறப்புகள். அக்காலத்துப் பாரிஸ் கலைச்சங்கத்தாரும் இத்தகைய நேர்த்தியையே போற்றினர். சிஸ்லேயும் அவர் நண்பர்களும் வேறு வழி சென்றனர். 1841-இல் தகரக் குழாய்களில் வர்ணத்தை அடைக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டிருந்தமையால், வர்ணங்களை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கே சென்று தீட்டுவது எளிதாயிற்று. 1874-இல் அவர்கள் நடத்திய முதற் காட்சியில் மோனே என்பவரின் சூரியோதயப் படத்தின் பெயரில் ‘இம்பிரஷன்’ என்ற சொல் இருந்தது. பத்திரிகை விமரிசகர் ஒருவர் அதனைக் கொண்டு அவர்களை ஏளனம் செய்தார். ஏளனப் பெயரே ‘இம்பிரஷனிஸம்’ என நிலைத்தது. கண்ணில் அக்கணம் பதியும் ஒளியைத் தீட்டும் முறை என அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இம்முறையின் நுட்பம் யாது? நிழல் கறுப்பு, பனி வெண்மை என்று அறிவு கூறுகிறது. கண் காண்பதோ வேறு. நிழலில் விழுந்த பனி வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்கிறது. வெயில் பட்ட பனியில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் தோன்றுகின்றன. இவ்வர்ணங்களை முற்றும் குழைத்துவிடாமல், சிறு சிறு தீற்றல்களாகப் பக்கம் பக்கமாக வைத்தனர். அருகில் நின்றால் அவை வெறும் தீற்றல்கள். சற்று விலகி நின்றால் நம் கண்ணே அவற்றை இணைத்துத் தெருவாக்கிவிடும்.

சிஸ்லேயின் வாழ்வு நம்மைப் போன்றோர் சிந்திக்கத்தக்கது. 1839-இல் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த அவர், ஆயுளின் பெரும்பகுதியைப் பிரெஞ்சு நாட்டிலேயே கழித்தார். 1870-இல் மூண்ட யுத்தத்தின் விளைவாகத் தந்தையின் வியாபாரம் நொடித்தது. வறுமை இறுதிவரை நீங்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தும் அது கைகூடாமலே 1899-இல் மோரே என்னும் சிற்றூரில் மறைந்தார். மறு ஆண்டே, அவர் தீட்டிய வெள்ளக் காட்சி ஒன்று ஏலத்தில் 43,000 பிராங்குக்கு விலைபோயிற்று. ஏட்டின்படி அவர் அயலார். ஆயினும் அந்நாட்டுச் சிற்றூர்த் தெருக்களை அவரைப்போல் அன்புடன் நோக்கியோர் சிலரே.

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்த நாம், பிறந்த ஊரின் தெருவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, குடியிருக்கும் தெருவைக் காணாமலே காலம் கழித்துவிடுகிறோம். ஓர் ஊர் நமதாவது பத்திரத்தினால் மட்டுமன்று, பார்வையினாலும் ஆகும். நாளைக் காலை உங்கள் தெருவின் மதில் நிழலைச் சற்று நின்று நோக்குங்கள். அது கறுப்புத்தானா? மாலையில் மீண்டும் நோக்குங்கள். வெட்டுக்கல்லின் செம்மையும் மழைக்காலப் பாசியின் பசுமையும் வானத்து நீலமும் அதில் கலந்திருப்பதைக் காண்பீர்கள். அன்றுமுதல் அத்தெரு சிறிதளவேனும் உங்களுடையதாகும்.