உதறலுக்கு டிஸ்க் மட்டுமா காரணம்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது கியரிலேயே இறங்கி, காரவள்ளி டீக்கடை முன்னால் பிரேக்கை மிதித்தபடி நின்றேன். முன்சக்கரத்தில் கருகல் வாடை. கொதிக்கும் பிரேக் டிஸ்க்கைப் பேட் அப்படிக் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் திட்டாகப் படிந்துவிடும். மறுநாள் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டதும் ஸ்டீயரிங் உதறியது.

"டிஸ்க் பெண்டு சார், ரெண்டையும் மாத்திரலாம்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை. மாற்றினேன். 3,000 கிலோமீட்டர் ஓடியதும் உதறல் திரும்பி வந்தது.

அடுத்து பார்த்த மெக்கானிக் பெரியவர். ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்வி கேட்டார். பிரேக் போடாதபோதும் உதறுதா? அப்படியென்றால் டயரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடுதா, சீட் அதிருதா? ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் முன்பக்கம், சீட் என்றால் பின்பக்கம். திடீரென அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் துடித்தால் அது ஏபிஎஸ், கோளாறே அல்ல.

பிறகு டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்க, டயல் கேஜை வைத்து அதைச் சுற்றினார். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. முள் அதைத் தாண்டியது. டிஸ்க்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப் முகத்தில் துரு! புது டிஸ்க்கை அதன் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். கோணலாக உட்கார்ந்த டிஸ்க், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசி அங்கே மட்டும் தேயும். உதறல் தலைகாட்ட 3,000 கிலோமீட்டர் ஆனது இதனால்தான்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பஞ்சர் கடை ஏர் கன். சக்கர நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி மாற்றி, அளவோடு முடுக்க வேண்டும். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்கு. கன்னை வைத்து வரிசையாக 'டர்ர்ர்' என்று இறுக்கினால், நல்ல டிஸ்க்கும் கோணலாகும். டார்க் ரெஞ்சு வைத்திருக்கும் கடையைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

அளக்கும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள் என்று மெக்கானிக்குகள் கேட்பதிலும் நியாயம் உண்டு. கொடுத்துவிடலாம், இரண்டு டிஸ்க் விலையைவிடக் குறைவுதான்.

என் காரில் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்க்கை லேத்தில் லேசாகச் சீவி மாட்டினார். விளிம்பில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்ததால் அது முடிந்தது. உதறல் நின்றது.

டிஸ்க்கை மாற்றச் சொன்னால், "டயல் கேஜ் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.