மின்னும் வெளிச்சமும் நம் பிள்ளைகளின் கண்களும்

அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவிக்கு முன்னால் நெருக்கமாக உட்காரும் பழக்கம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. திரையில் நிறங்கள் பளிச் பளிச்சென்று மாறும்போது கண் என்ன செய்கிறது என்பதைப் பெற்றோராகிய நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நிறத்தை உணர நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. ஒளி நின்றவுடன் அவற்றின் உணர்வு நின்றுவிடுவதில்லை. சிறிது நேரம் நீடிக்கும். வீட்டுக் குண்டு பல்பு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசித்தும் நமக்குச் சீராகத் தெரிவது இதனால்தான். நிற மாற்றத்தைப் பின்தொடர்வதில் கண் இன்னும் மெதுவானது. ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் மிக வேகமாக மாறி மாறி வந்தால், இரண்டும் கலந்து மஞ்சளாகவே தெரியும்.

வேகம் குறைந்தால் நிறங்கள் கலப்பதில்லை. ஒவ்வொரு மின்னலும் தனித்தனியாக மூளையைத் தாக்கும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மின்னின. அதைப் பார்த்தவர்களில் 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நேராது. ஒளியால் வலிப்பு வரும் தன்மை சிலருக்கு மட்டுமே உண்டு. ஆனால் யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. எனவே விளக்கு எரியும் அறையில், திரையிலிருந்து தள்ளி உட்காரச் சொல்வோம். மண்டபத்திலோ திரையிலோ வெளிச்சம் விட்டுவிட்டு மின்னினால், ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழக்குவோம். இமைகளை மட்டும் மூடினால் போதாது. அவற்றின் வழியே ஒளி சிவப்பாக உள்ளே போகும்.

வலிப்பு வந்துவிட்டால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-ஐ அழைப்போம். சீக்கிரம் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவோம்.

வலிப்பு ஒரு நோய், மருந்து உண்டு. பெண் பிள்ளையின் வாழ்க்கை என்னாகுமோ என்று பயந்து அதை மறைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.