‘ஏதாவது ஒரு வேலை’ என்பது இலக்கு ஆகாது



தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களின் எண்ணிக்கை கூடிவிடும். கல்விக் கட்டணத்துக்கு உதவி கேட்பவர்கள் ஒரு பக்கம், படித்து முடித்த பிள்ளைக்கு வேலைக்கு வழி கேட்பவர்கள் இன்னொரு பக்கம். ‘என்ன வேலைக்குப் போக விருப்பம்?’ என்று கேட்டால், ‘ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும்’ என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கிறது. ‘அந்தத் துறையில் யாரையாவது தெரியுமா?’ என்று கேட்டால், ‘நமக்கு யாரைத் தெரியும்?’ என்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக நகையை அடகு வைத்த வீடுகளில் இருந்தும் இதே பதில்தான் வருகிறது. படிக்க வைப்பதில் நாம் முன்னேறிவிட்டோம். படிப்பை வேலையாக மாற்றும் வழியில்தான் தடுமாறுகிறோம். அதற்குத் தேவையானவை இரண்டு: தெளிவான இலக்கு, சரியான மனிதர்களின் தொடர்பு. இவ்விரண்டையும் பற்றி இந்த இதழில் பேசுவோம்.

இலக்கும் ஆசையும் ஒன்றல்ல

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியல் அறிஞர்கள், இலக்கு மனிதனின் உழைப்பை எப்படி மாற்றுகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, திட்டவட்டமான, சற்றே கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் அதிகம் சாதித்தார்கள் என்பது அவர்கள் கண்டது. காரணம் எளிது. எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் இன்று எவ்வளவு தூரம் நடந்தோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்க முடியும்.

‘அரசு வேலைக்குப் போக வேண்டும்’ என்பது ஆசை. அதை இலக்காக மாற்றுவது எப்படி? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் எழுதலாம். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண்கள். அதில் 100 வினாக்கள் தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் குறைந்தது 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இந்தக் கடைசி விதியை ஆங்கில வழியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் கவனிக்க வேண்டும். பட்டம் பெற்ற பிள்ளை, தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிப்பதாக இருந்தால், பொது அறிவில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. அதேசமயம் பாதி மதிப்பெண் தமிழுக்கே என்பதால், தமிழை ஒழுங்காகப் படித்தவருக்கு இது பெரிய வாய்ப்பும்கூட.

இனி கணக்குப் போடலாம். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகளின் தமிழ்ப் பாடநூல்கள்தான் அடிப்படை. ஒரு வகுப்புக்கு மூன்று வாரம் என்றால் பதினைந்து வாரம். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மாதிரித் தேர்வு, அதில் வந்த மதிப்பெண்ணை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. ‘நான்கு மாதத்தில் தமிழில் 120 மதிப்பெண் தொட வேண்டும்’ என்று எழுதி வைத்தால் அது இலக்கு. தேர்வாணையம் ஆண்டுதோறும் தேர்வுகளின் கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. தேர்வு நாளில் இருந்து பின்னோக்கி எண்ணி வந்தால், இன்று என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

முதலில் ஆவணங்கள்

இலக்கு எழுதிய மறுநாளே செய்ய வேண்டியது ஆவணங்களைச் சரிபார்ப்பது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டு முதல் 3.5 சதவீதத் தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக்கும் அரசு வேலைக்கும் இது பொருந்தும். அன்சார், தக்கினி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதில் வருகிறார்கள். ‘முஸ்லிம்’ என்று பள்ளிச் சான்றில் இருப்பது மட்டும் போதாது. உட்பிரிவுடன் கூடிய சாதிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணன் சான்றிதழில் ஒரு பிரிவும் தங்கை சான்றிதழில் வேறு பிரிவும் இருந்தால், தேர்வில் வென்ற பிறகு அல்ல, இப்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் சரி செய்துகொள்ளுங்கள். தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுகள் செல்லும்.

சபர் போகவும் இலக்கு வேண்டும்

எல்லாரும் அரசு வேலைக்கே போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வளைகுடா வேலையால் நிமிர்ந்த குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் ‘வெளிநாடு போனால் பிழைத்துக்கொள்வான்’ என்பதும் ‘ஏதாவது ஒரு வேலை’யின் இன்னொரு பெயர்தான். கைத்தொழில் இல்லாமல் விமானம் ஏறுபவருக்கும் தொழிற்சான்றிதழோடு ஏறுபவருக்கும் சம்பளம் ஒன்றல்ல, மரியாதையும் ஒன்றல்ல.

ஐடிஐயில் எலக்ட்ரீசியன், ஃபிட்டர், குளிர்சாதன மெக்கானிக் பிரிவுகள் இரண்டு ஆண்டுகள். வெல்டர் பயிற்சி ஓராண்டு, எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். அதன்பின் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பயிற்சியும் முடித்தால் கையில் சான்றிதழும் இருக்கும், அனுபவமும் இருக்கும். பதினெட்டு வயதில் அவசரமாகப் போவதைவிட இருபத்தொரு வயதில் தொழிலோடு போவது நல்லது. பத்தாம் வகுப்பையாவது முடித்திருந்தால், குடியேற்றச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏஜெண்டிடம் பணம் கொடுக்கும் முன், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறிக் கேட்கிறார் என்று பொருள். விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

யாரைத் தெரியும் என்பதல்ல, யாரோடு பேசுகிறோம்

அடுத்தது உறவுகள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரையொட்டிய ஒரு புறநகரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஓர் ஆய்வு நடத்தினார். 1973இல் அதை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தது என்றவர்களிடம், ‘அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி பார்க்கும் நெருங்கியவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்ற அனைவரும் எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் மூலம் வேலை பெற்றவர்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. தூரத்து அறிமுகக்காரரோ வேறொரு வட்டத்தில் இருப்பவர். நமக்கு எட்டாத செய்தி அவரிடம் இருக்கும். நம் ஊரில் ஒரே தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிக் கடையில் போய் வேலைக்கு நிற்பது ஏன்? மச்சான் அங்கே இருக்கிறார், அவர் விசா எடுத்துத் தந்தார், அடுத்து தம்பியும் போனான். நெருங்கிய உறவு பாதுகாப்பு தருகிறது, உண்மை. ஆனால் அது பழகிய கதவையே திரும்பத் திரும்பத் திறக்கிறது.

புதிய கதவைத் திறக்கக்கூடியவர்கள் நாம் நினைப்பதைவிட அருகில்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்த ஆசிரியர், கல்லூரியில் இரண்டு ஆண்டு மூத்தவர், வாப்பாவின் கடைக்கு வரும் வங்கி ஊழியர், பக்கத்து ஊரில் இருந்து வந்து படித்த வகுப்புத் தோழர், விடுமுறையில் வந்து ஜும்ஆவில் சந்திக்கும் பொறியாளர். மதம், ஊர், தெரு என்ற வட்டங்களைத் தாண்டியவர்களும் இதில் இருக்க வேண்டும்.

அவர்களிடம் ‘எனக்கு ஒரு வேலை வாங்கித் தாருங்கள்’ என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். வேலையைக் கேட்காதீர்கள், விவரத்தைக் கேளுங்கள். ‘இந்த வேலையில் ஒரு நாள் எப்படி இருக்கும்? இதற்கு வர நான் என்ன கற்க வேண்டும்? இன்னும் யாரிடம் பேசலாம்?’ இந்த மூன்று கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்லாதவர் குறைவு. அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். செய்து முடித்ததை ஒரு மாதம் கழித்து அவருக்குத் தெரியப்படுத்துங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். உதவி கேட்கும்போது மட்டும் ஸலாம் சொல்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. சொன்னதைச் செய்துவிட்டு வந்து சொல்பவரை, ஓர் இடம் காலியாகும்போது தாமாகவே நினைப்பார்கள்.

தொடர்பு வேறு, சிபாரிசு வேறு. தொடர்பு நமக்கு வழியைக் காட்டும், தேர்வை நமக்காக எழுதாது. குரூப் 4 பதவிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே ‘மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுங்கள்’ என்று வருபவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். பணமும் போகும், குற்றமும் நம் மேல் சேரும்.

பெண் பிள்ளைகளுக்கு

நம் வீடுகளில் நன்றாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான். பட்டம் வாங்கியதும் தொடர்புகள் அறுந்துபோவதும் அவர்களுக்குத்தான். ஆண் பிள்ளைக்குத் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் கிடைக்கும் செய்தி அவர்களுக்கு வருவதில்லை. அரசு வேலைகளில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். உம்மாவோ சாச்சியோ முதல் நாள் உடன் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டின் தயக்கம் பாதி தீர்ந்துவிடும். கூடப் படித்த மூன்று நான்கு தோழிகள் வாரம் ஒரு நாள் ஒரு வீட்டில் கூடிப் படிப்பதும் நல்ல வழி.

வீட்டில் இந்த வாரம் செய்யக்கூடியது

ஒரு நோட்டில் நான்கு வரிகள் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, ஓராண்டுக்குள் எட்ட வேண்டிய வேலை அல்லது தகுதியின் பெயர். இரண்டு, அதற்கு இன்னும் குறைவாக இருப்பது என்ன. மூன்று, இந்த மாதம் முடிக்க வேண்டிய பகுதி. நான்கு, இந்த மாதம் பேச வேண்டிய இரண்டு மனிதர்கள். மாதக் கடைசியில் வாப்பாவும் உம்மாவும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்துப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

போட்டித் தேர்வு என்றால் எத்தனை முறை எழுதுவது என்பதையும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வேலை எதுவும் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் தேர்வு மட்டும் எழுதுவது பலருக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் முடிந்துவிடுகிறது. பகுதி நேரமாகவேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டு படிப்பது மனதுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

வேலையில் இருக்கும் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பணம் கேட்கவில்லை, மாதத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறோம். நீங்கள் பார்க்கும் வேலை, படித்த படிப்பு, பேச வசதியான நேரம் ஆகியவற்றை நம் அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். வெல்டர், செவிலியர், கணக்காளர், கிராம நிர்வாக அலுவலர், லாரி உரிமையாளர் என எந்த வேலையும் சிறிதல்ல. வழி கேட்டு வரும் பிள்ளையை அந்தந்தத் துறையில் இருப்பவரிடம் அனுப்பி வைப்பது எங்கள் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், அடுத்த தேர்வு முடிவுகள் வருவதற்குள் அந்தப் பதிவேடு நிறைந்திருக்க வேண்டும்.