வைஃபையில் வாசிக்கும் பியானோ

தானாக வாசிக்கும் பியானோ புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே துளையிட்ட காகிதச் சுருளும் காற்றும் அதன் கட்டைகளை அசைத்தன. 1980களில் வந்த யமஹா டிஸ்க்ளேவியரில் அந்த வேலையை மின்காந்தங்கள் செய்கின்றன. யாராவது வாசித்தால், விரல் எவ்வளவு அழுத்தியது, பெடல் எப்போது இறங்கியது என்பதையும் உணரிகள் பதிந்துகொள்ளும். முன்பு பிளாப்பி, இப்போது வைஃபை.

எங்கள் வீட்டில் இது மாமிக்காக வந்தது. ஊர்க் கோவிலில் பல வருடம் ஆர்கன் வாசித்த விரல்களை மூட்டுவாதம் மடக்கிக்கொண்டிருக்கிறது.

இணைக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, பியானோவும் கைப்பேசியும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றனவா என்பதுதான். விருந்தினருக்கான வைஃபையில் கைப்பேசி இருந்தால் இணையம் நன்றாக ஓடும், பியானோ மட்டும் கண்ணில் படாது. எங்களுடையது 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் அதை நிறுத்தி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்துக்குள் மறுபக்கமும் அழுத்தவேண்டும். ரவுட்டரே வேண்டாமென்றால் பியானோவின் சொந்த வைஃபையில் கைப்பேசியை நேரே சேர்க்கலாம். பதிவுகளைக் கேட்க அது போதும். இணைய வானொலிதான் வராது.

காலையில் மூட்டு விறைப்பு அதிகம். தாதிகளான எங்களுக்கு அது தெரிந்த விஷயம். அதனால் மாமி மதியத்தில்தான் வாசிக்கிறா, பத்து நிமிடம் மட்டும். இதுவரை பதினொரு கீர்த்தனைகள் பதிவாகியிருக்கின்றன. பன்னிரண்டாவது எது என்று பேரப்பிள்ளைகளுக்குள் சண்டை.