மரபணுவும் மரபும்: இரத்தப் புற்றுநோயில் ஒரு சொல் தரும் மயக்கம்

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எழும் வினா, "இது யார் வழியில் வந்தது?" என்பதாகும். எலும்பு மச்சையில் 'மரபணுக் கோளாறு' உள்ளதென மருத்துவர் கூறுகையில், 'மரபு' என்னும் முற்பகுதியே செவியில் தங்குகிறது. தாய்வழி பழிக்கப்படுகிறது, தமக்கையின் திருமணப் பேச்சும் தடைப்படுகிறது. மயக்கத்தின் வேர் சொல்லில் இருப்பதால், அதனைக் களைவது மொழியாசிரியர்க்கும் உரிய கடனாகும்.

மனித உயிரணுவில் இயல்பாக 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. இவற்றை நிறப்புரி என்றும், இலங்கை நூல்களில் நிறமூர்த்தம் என்றும் வழங்குவர். குரோமோசோமை ஒரு நூலாகக் கொண்டால், மரபணு அதிலுள்ள ஒரு வாக்கியம். ஒரு நூலின் பக்கங்கள் பெயர்ந்து மற்றொரு நூலில் ஒட்டிக்கொள்வது குரோமோசோம் கோளாறு. ஓரெழுத்து மாறிப் 'பழம்' 'பலம்' ஆவது போன்றது மரபணுப் பிறழ்வு.

இரத்தப் புற்றில் காணும் இம்மாற்றங்களுள் பெரும்பாலானவை பெற்றோர் தந்தவை அல்ல. அவை மச்சையின் ஓர் உயிரணுவில் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்த அணுக்களில் மட்டும் பெருகுபவை. சில, கருவிலேயே தோன்றினும் குடிவழி வந்தவை ஆகா. பரம்பரைக் கூறு உடைய குடும்பங்கள் மிகச் சிலவே.

மாற்றத்தின் வகை, நோய் செல்லும் போக்கை முன்கூட்டிச் சுட்டுகிறது. பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணும் கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றில், நோயணுவின் குரோமோசோம்கள் 50-க்கு மேற்படுவதும், 12, 21 ஆகியவற்றின் துண்டுகள் தம்முள் இடம் மாறுவதும் நற்குறிகள். எண்ணிக்கை 44-க்குக் குறைவது தீக்குறி. பெரியவர்களின் கடுமையான மைலாய்டு வகையில் டிபி53 மரபணுவின் பிறழ்வு தீக்குறியாகும்.

எனினும் குறி வேறு, விதி வேறு. 1960-இல் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் இருவரும் நாட்பட்ட மைலாய்டு புற்றில் சிறுத்த குரோமோசோம் ஒன்றைக் கண்டு அறிவித்தனர். 'பிலடெல்பியா குரோமோசோம்' என்பது அதன் பெயர். அது 9, 22 ஆகியவற்றுக்கிடையே நேர்ந்த இடமாற்றம் என 1973-இல் ஜேனட் ரௌலி நிறுவினார். அம்மாற்றம் ஈனும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின், அந்நோயர் பலர் இயல்பான ஆயுளை நெருங்குகின்றனர்.

நம் நாட்டிலும் இவ்வறிவு பயன் தந்துள்ளது. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் இணைந்து நடத்திய 'மா-ஸ்போர் 2003' ஆய்வு, சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நோயணுக்களின் அளவையும் கணக்கிட்டுப் பிள்ளைகளை இடர்வகைகளாகப் பிரித்தது. இடர் குறைந்தோர்க்கு மருந்தின் கடுமையும் குறைக்கப்பட்டது. ஆகவே, பரிசோதனையில் கண்ட மாற்றம் எவ்வகையது என மருத்துவரிடம் கேட்டறிதல் பெற்றோர்க்கு நன்று.

'மரபணு' என்னும் சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. அதனை வகுப்பில் விளக்கும்போது, 'உயிரணுவில் புதிதாகத் தோன்றிய மாற்றம்' என்னும் தொடரையும் சேர்த்துச் சொல்வோம். அத்தொடரை வீட்டுக்குக் கொண்டு செல்லும் மாணவர், ஒரு தாயின் மீது விழும் பழியையும் தடுப்பர்.