குறியும் கம்பமும்: இலக்கு பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள்

மரபுத்தொடரின் பொருளைச் சொற்களில் தேடுவோர் ஏமாறுவர். அது பிறந்த களத்தில் தேடுவோர் கண்டடைவர். இலக்கைப் பற்றிய ஆங்கிலத் தொடர்கள் பல வில்வித்தையிலும் கால்பந்திலும் பிறந்தவை.

‘வைட் ஆஃப் தி மார்க்’ என்பது வில்லாளியின் தொடர். அம்பு குறிக்கு வெகுதொலைவில் வீழ்ந்தது என்பது அதன் நேர்ப்பொருள். கருத்து உண்மைக்கு மிகவும் அகன்று நிற்கிறது என்பது வழக்குப்பொருள். இதைப் ‘பொய்யுரைத்தார்’ என்று பெயர்த்தால் கருத்துப் பிழை பழிச்சொல்லாகிவிடும். அரபி கற்றோர்க்கு இந்நுட்பம் புதிதன்று. ‘அஸாப’ என்னும் வினை அம்பு குறியில் பட்டதையும் கருத்துச் சரியானதையும் குறிக்கும். ‘அக்தஅ’ குறி தப்பியதையும் கருத்துத் தவறியதையும் குறிக்கும். சட்டமுடிவு காண முயலும் முஜ்தஹிதை ‘முஸீப்’ என்றும் ‘முக்திஉ’ என்றும் ஃபிக்ஹு அறிஞர்கள் சுட்டுவது இவ்வேர்களினின்றே. முயன்று தவறியவருக்கும் ஒரு நற்கூலி உண்டு என நபிமொழி கூறுவதை இங்கு நினைவுகூர்க. குறி தப்புதல் வேறு, வஞ்சித்தல் வேறு.

‘மூவிங் தி கோல்போஸ்ட்ஸ்’ என்பதோ வஞ்சனையையே சுட்டுகிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மைதானங்களில் பந்து உதைக்கும் சிறுவனுக்கும் இது எளிதில் விளங்கும்: பந்து வரும் வேளையில் கம்பத்தை நகர்த்தினால் ஆட்டம் ஏது? ஒருவர் நிபந்தனையை நிறைவேற்றும் தறுவாயில் மற்றவர் அதனை மாற்றிவிடுவதே இதன் பொருள். ‘இலக்கை மாற்றிக்கொண்டார்’ என்று பெயர்த்தால் முறையீடு முழுவதும் மறைந்துபோகும்; தம் இலக்கைத் தாமே மாற்றிக்கொள்வது குற்றமன்றே! துறைமுகம் சார்ந்த அலுவலகங்களில் ஒப்பந்தக் கடிதங்களைக் கையாளும் நம் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் பணிக்கிறது. கம்பத்தை நகர்த்துவோர் மீறுவது அக்கடமையையே.

களம் மாறினும் கருத்து மாறாத தொடர்களும் உள. ஒரு கல்லால் ஆங்கிலேயர் இரு பறவைகளை வீழ்த்துவர். அரபியர் இரு சிட்டுக்குருவிகளை அடிப்பர். தமிழர் இரண்டு மாங்காய்களைப் பறிப்பர். ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவோர் பறவையை விடுத்து மாங்காயைக் கொள்வதே முறை.

ஆகவே, புதியதொரு தொடரைக் காணுங்கால் மூன்று வினாக்கள் எழுப்புக: இது எக்களத்தில் பிறந்தது? அங்கு யார் யாருக்கு என்ன செய்கிறார்? இது புகழ்ச்சியா, பழிப்பா? இவற்றுக்கு விடை கண்டபின் அகராதியைத் திறந்தால், அது தரும் பல பொருள்களுள் உரியது எது என்பது தானே புலப்படும்.